முனியாண்டியின் காலடி மண்

என் மகளின் நாக்கில் அந்த மண்ணை முதன்முதலில் வைத்தது நான்தான். என் மனைவி அல்ல, பூசாரியும் அல்ல. இதை எழுதிவிட்டால்தான் மற்றதை என்னால் எழுத முடியும்.

நாங்கள் இருப்பது மாசாயில், மலிவு விலை அடுக்குமாடி ஒன்றில், நான்காவது மாடி. மின்தூக்கி கிடையாது. நான் பாசிர் கூடாங் துறைமுகத்துப் பக்கம் சிமெண்டு வேலை செய்கிறேன். தொழிற்சாலைகளுக்குள் கால்வாய் கட்டுவது, தரை போடுவது, லாரி ஏறி உடைந்த இடங்களை ஒட்டுப்போடுவது. குத்தகையாளர் எங்கே கூப்பிடுகிறாரோ அங்கே மோட்டார் சைக்கிளில் போவேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன், அவ்வளவுதான். பேச்சும் குறைவு. கடையில் பால் சேர்க்காத தே ஓ கேட்டுப் பால் கலந்த மைலோ வந்தாலும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். பெண் பார்க்கப் போகவே கூச்சப்பட்டுக் கல்யாணம் தள்ளிப்போனது. மகள் பிறந்தபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒரே பிள்ளை.

நான் வேலைக்குப் போகும் வழியில் முனியாண்டி இருக்கிறார். முன்பு அது ஒரு ரப்பர்த் தோட்டத்தின் எல்லை. தோட்டம் போய்த் தொழிற்சாலைகள் வந்தபோதும் சாமியை யாரும் அசைக்கவில்லை. பெரிய ஆலமரம், அதன் அடியில் தகரக் கூரை, அரிவாளோடு உட்கார்ந்திருக்கும் சிலை, சிலைக்கு முன்னால் வெறும் மண் தரை. மரத்துக்குப் பின்னால் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம், பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் ஒரு தொழிற்சாலை. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் மோட்டாரை நிறுத்தாமல் ஒரு கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டே போவார்கள். ஆலமரத்து இலைகளின் மேல் எப்போதும் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். நானோ சிமெண்டுத் தூசியிலேயே புழங்குகிறவன். அந்தத் தூசியைப் பார்த்து எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அந்தக் கோயிலில் திருநீற்றைவிட மண்ணுக்குத்தான் மதிப்பு. பிள்ளை எதையாவது பார்த்துப் பயந்துவிட்டால், காரணமில்லாமல் அழுதால், சோறு இறங்காவிட்டால், அங்கே தூக்கிக்கொண்டு போவார்கள். பூசாரி முனியாண்டியின் காலடியில் ஒரு பிடி மண் எடுத்துப் பிள்ளையின் தலையை மூன்று முறை சுற்றுவார். நெற்றியில் ஒரு கோடு, நாக்கில் ஒரு சிட்டிகை. மீதியைத் தாளில் மடித்துத் தருவார். ஷிப்டு வேலைக்காரர்களால் நினைத்தபோது கோயிலுக்கு வர முடியாது என்பதால், டின்னில் அள்ளிப் போய் வீட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கமும் இருந்தது. எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குக் கீழே ஒரு பழைய மைலோ டின் நிறைய அந்த மண் இருந்தது.

மகளுக்கு இரண்டரை வயதில், தீபாவளி அன்று கீழே யாரோ கொளுத்திய சரவெடியில் அவள் மிரண்டுவிட்டாள். மூன்று நாள் தூங்கவில்லை. கண்ணயர்ந்ததுமே உடம்பு தூக்கிப்போடும். நான் அவளை மோட்டாரில் முன்னால் உட்கார வைத்துக் கோயிலுக்குப் போனேன். பூசாரி இல்லை. காத்திருக்க மனமில்லாமல் நானே குனிந்து மண்ணை எடுத்துச் சுற்றி, அவள் நாக்கில் வைத்தேன். முகத்தைச் சுளித்தாள். பிறகு அழுகையை நிறுத்தினாள். வீடு வந்து சேர்வதற்குள் என் நெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அன்று முனியாண்டியை நினைத்து எனக்குக் கண் கலங்கியது.

அதற்குப் பிறகு காய்ச்சல் என்றால் மண், தடுப்பூசி போட்டுவிட்டு வந்தால் மண். அவளுக்கே அது பிடித்துப்போனது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, விரலை நாக்கில் நனைத்து டின்னுக்குள் விட்டு எடுத்துச் சப்புவாள். நாங்கள் அதட்டவில்லை, சிரித்தோம். “இது நமக்குப் பொறந்ததில்ல, முனியாண்டி பெத்த புள்ள” என்பாள் என் மனைவி. எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

எங்கள் வீட்டுக்குப் படிகள் அறுபத்து நான்கு. நான் வேலை முடிந்து வந்ததும் அவள் கீழே ஓடி வருவாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணியபடியே ஏறுவோம். நான்கு வயதில் பத்துகள் மாறும் இடத்தில் மட்டும் நான் எடுத்துக் கொடுத்தால் போதும், அறுபத்து நான்கு என்று கத்தியபடி கதவைத் தட்டுவாள். ஐந்து வயது நெருங்கும்போது அது மாறியது. இரண்டாவது மாடியிலேயே வயிறு வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுவாள். பன்னிரண்டுக்குப் பிறகு ஏழு என்பாள். முதலில் விளையாடுகிறாள் என்றே நினைத்தேன். திருத்தினால் கோபம் வந்து என் கையைக் கடித்தாள்.

பாலர் பள்ளி ஆசிரியை என் மனைவியைக் கூப்பிட்டுப் பேசினார். முன்பு பாடிய பாட்டுகளை அவள் பாடுவதில்லை, பக்கத்துப் பிள்ளைகளை அடிக்கிறாள், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றாராம். என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே அதைச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் அதே தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பயம் வந்தால் நான் போகிற இடம் ஒன்றுதான். மறுநாளே அவளை முனியாண்டியிடம் தூக்கிப் போனேன். பூசாரி காலையும் மாலையும் ஒரு சிட்டிகை கொடுக்கச் சொன்னார். நான் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

முகம் வெளுத்துக்கொண்டே வந்ததால் அரசாங்கக் கிளினிக்குக்கும் போனோம். இரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மருந்து தந்தார்கள். இரண்டு மாதம் கொடுத்தும் தேறவில்லை. அடுத்த முறை அங்கே இருந்தவர் இளம் மலாய் டாக்டர், ஒரு பெண். எங்கே குடியிருக்கிறோம், நான் எந்தப் பக்கம் வேலை செய்கிறேன் என்று கேட்டு, இன்னொரு குழாய் இரத்தம் எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சில நாள் கழித்துப் போன் வந்தது. நாளைக் காலை பிள்ளையோடு வர வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். நான் அப்போது ஒரு கிடங்கில் புதிதாகப் போட்ட தரையைக் கரணையால் தேய்த்துக்கொண்டிருந்தேன். கலவை இறுகத் தொடங்கும்வரை ஒரு கையை அதில் ஊன்றியபடியே இருந்துவிட்டேன். அன்றைக்குப் போட்ட அந்தத் தரையில் என் கைத்தடம் இன்னும் இருக்கும்.

டாக்டர் சொன்ன சொல் எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸ், மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், என்னைவிடச் சில வயது இளையவர், விளக்கினார். “ஈயம்ணே. பேட்டரிக்குள்ள இருக்குமே, அது. தூண்டில்ல கட்டுவீங்கல்ல, அதேதான். அது புள்ள ரெத்தத்துல இருக்கு.”

தூண்டில் ஈயம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் அதைப் பல்லால் கடித்துத்தான் தூண்டில் நரம்பில் இறுக்குவோம். அந்தக் கனமான உலோகம் என் பிள்ளையின் நரம்புகளுக்குள் எப்படிப் போகும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அது மூளையைத் தாக்கும் என்று டாக்டர் சொன்னார். பிள்ளைகளைத்தான் அதிகமாகத் தாக்கும் என்றார். அவர் பேசப்பேச என் மகள் அவருடைய மேசைமேல் இருந்த காகிதக் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு கேள்விகள். நான் பேட்டரித் தொழிற்சாலைக்குள் வேலை செய்கிறேனா. வேலைத் துணியோடு பிள்ளையைத் தூக்குகிறேனா. வீட்டுச் சுவரில் பெயிண்டு உரிகிறதா. பிள்ளை மண் தின்கிறாளா.

இல்லை என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அதை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். மண் என்று அவர் கேட்டதும் என் மனதில் வந்தது கால்வாய் ஓரத்து மண், விளையாட்டு மைதானத்து மண். டின்னில் இருந்தது எனக்கு மண்ணே அல்ல. திருநீற்றைக் காட்டி யாராவது சாம்பல் தின்கிறாயா என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அப்படித்தான் நானும் சொன்னேன். என் மனைவியும் தலையாட்டினாள்.

வீட்டைத் தினமும் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார்கள். வேலைத் துணியை வாசலுக்கு வெளியிலேயே கழற்றச் சொன்னார்கள். நான் படிக்கட்டுத் திருப்பத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர், “என்னாண்ணே, அண்ணி உள்ள விட மாட்டேங்குறாங்களா?” என்று கேட்டுச் சிரித்தார். கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஒரு நாளும் விடவில்லை. சுவரின் மூலை, ஜன்னல் கம்பி, கட்டிலின் அடி எல்லாவற்றையும் துடைத்தேன். சாமி மேடையையும் துடைத்தேன். டின்னைத் தூக்கி, அடியைத் துடைத்து, அதே இடத்தில் வைத்தேன்.

காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை. இப்போது அவளுக்கு வந்திருப்பது பெரிய நோய் என்பதால் மதியமும் ஒன்று.

அடுத்த இரத்தப் பரிசோதனையில் எண் கூடியிருந்தது. டாக்டர் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் கணினித் திரையையே பார்த்தார். இனியும் ஏறினால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, ஈயத்தை வெளியே இழுக்கும் மருந்து கொடுக்க வேண்டும் என்றார். ஏற்கெனவே மூளைக்கு ஆனது திரும்புமா என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கும் மலாய் சரியாக வராது. டாக்டர் புரிந்துகொண்டார், என் மகளின் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எண்ணை உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை இரத்தம் எடுக்க வேண்டும் என்றார்.

மிஸ்ஸி ஊசியோடு வந்தார். நானும் என் மனைவியும் அவளைப் பிடித்துக்கொண்டோம். ஊசி இறங்கியதும் வீறிட்டாள். எடுத்து முடித்த பிறகும் அழுகை நிற்கவில்லை.

“அப்பா, சாமி மண்ணு.”

ஊசி போட்டால் அதுதானே வழக்கம். நான் அதற்காகவே சட்டைப் பையில் மடித்துக் கொண்டு வந்திருந்தேன். தாளைப் பிரித்தேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள். நான் சிட்டிகை எடுத்தேன். மிஸ்ஸி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அது என்னாண்ணே?”

“ஒண்ணும் இல்லீங்க. முனியாண்டி கோயில் மண்ணு. புள்ள பயந்தா குடுப்போம்.”

“எந்தக் கோயிலு?”

சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதே, ஆலமரம், வேலி என்று வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்ற இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. மிஸ்ஸி என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. என் பிள்ளை மட்டும் நாக்கை நீட்டியபடியே இருந்தாள்.

“எத்தன நாளா குடுக்குறீங்க?”

என் மனைவிதான் சொன்னாள். “ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கும். இப்ப மூணு வேள.”

மிஸ்ஸி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாக என் விரல்களைத் திறந்து அந்தச் சிட்டிகையைத் தாளில் தட்டி, தாளை மடித்து, இரத்தக் குழாய்களைப் போடும் பிளாஸ்டிக் பைகளில் ஒன்றில் போட்டு மூடினார். என் கையை அங்கேயே சோப்பு போட்டுக் கழுவச் சொன்னார். கழுவினேன். தண்ணீர் சட்டையெல்லாம் தெறித்தது. ஒரு பக்கம் சாமியை இரத்தப் பைக்குள் போட்டுவிட்டோமே என்ற பயம். இன்னொரு பக்கம், கண்ணாடியில் என் பின்னால் தெரிந்த பிள்ளையின் முகம்.

அன்று மாலை மைலோ டின்னையும் கிளினிக்கில் கொடுக்க வேண்டியிருந்தது. என் மனைவி அதைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். மோட்டாரில் பின்னால் உட்கார்ந்திருந்தவள், “நாம ரெண்டு பேரும்தாங்க குடுத்தோம். நீங்க மட்டும் இல்ல” என்றாள். மண்ணில் என்ன இருந்தது என்று பிறகு பரிசோதனைத் தாளில் வந்தது. டாக்டர் அதை விளக்கும்போது எண் இருந்த இடத்தை விரலால் மறைத்தபடியே பேசினார். புகைபோக்கியிலிருந்து வந்த தூசி எத்தனையோ வருடமாக அந்த மரத்தின் மேல் விழுந்து, மழையில் கழுவி, சாமியின் காலடியில் இறங்கியிருக்கிறது. தொழிற்சாலையை மேலிடம் விசாரிக்கும் என்றார். கோயிலுக்கும் ஆள் வரும், ஆனால் நாளாகும் என்றார்.

மகள் ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்தாள். ஈயத்தை இழுக்கும் அந்த மாத்திரையில் அழுகிய முட்டை நாற்றம் வரும். விழுங்கமாட்டேன் என்று துப்புவாள். ஒவ்வொரு முறையும் சாமி மண்ணு கேட்பாள். இல்லை என்றால், “சாமிக்கு என் மேல கோவமாப்பா?” என்பாள்.

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். மிஸ்ஸி சொல்லியிருந்தார்: “கோயிலுக்கு ஆபீஸ் கடுதாசி போறதுக்கு முன்னாடி நீங்க போய் சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பாங்க.” நான் வேலி ஓரமாக நின்றேன். வரிசையில் பிள்ளைகள். பூசாரி ஒவ்வொன்றாகச் சுற்றிப் போட்டு நாக்கில் வைத்தார். மூன்று பிள்ளைகள். ஒன்றும் சொல்லாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மூன்று பிள்ளைகளின் முகமும் எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். ஒரு பெண் கைக்குழந்தையோடு முதலில் நின்றாள். பூசாரி மண்ணை எடுத்துவிட்டார். நான் நடந்துபோய் அவருக்கும் குழந்தைக்கும் நடுவில் நின்றேன். எனக்கே தெரியாமல்தான் நின்றேன்.

“குடுக்காதீங்கண்ணே. இந்த மண்ணுல ஈயம் இருக்கு. எம் மக ஆஸ்பத்திரில கெடக்குறா.”

பூசாரிக்கு முகம் கறுத்தது. “நாப்பது வருசமா குடுக்குறேன் தம்பி. ஒரு புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னு எவனும் வந்து சொன்னதில்ல.”

“எப்படிண்ணே சொல்வாங்க? வயித்து வலின்னு உங்ககிட்டதானே தூக்கிட்டு வருவாங்க. நானும் அப்படித்தானே வந்தேன்.”

வேலிக்கு அப்பால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் குழந்தையின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பூசாரி கையில் இருந்த மண்ணை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். கீழே போடவும் இல்லை.

கோயிலின் மண் தரையைச் சிமெண்டு போட்டு மூட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் நானே செய்கிறேன் என்றேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. தூசி கிளம்பாமல் இருக்க முதலில் தண்ணீர் தெளித்தேன். முகமூடி கட்டிக்கொண்டேன். மரத்தின் வேரைச் சுற்றி இடம் விட்டுச் செங்கல் அடுக்கினேன். காலடிக்கு வந்தபோது பூசாரி, ஒரு சாண் மட்டும் மூடாமல் விட்டுவிடு, சாமி கால் மண்ணில் படட்டும் என்றார். முடியாது என்றேன். பெரியவர் ஒருவரிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் முறை. அவர் போய்த் தகரக் கூரைக்கு வெளியே நின்றுகொண்டார். நான் முனியாண்டியின் முகத்தைப் பார்க்காமல் கரணையால் தேய்த்தேன். மழமழவென்று வர வர எனக்குப் பயம் கூடியது. சாமி கோபித்தால் என்னைக் கோபிக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரத்தத்தில் எண் இறங்குகிறது, மெதுவாக. எலும்பில் தங்கியிருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வருமாம். மூளையைப் பற்றி டாக்டர் இன்னும் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு போகட்டும், பார்க்கலாம் என்கிறார். கோயிலில் டின்னில் அள்ளிப்போன மற்ற வீட்டுக்காரர்களில் சிலர் பிள்ளைகளைக் கிளினிக்குக்குக் கொண்டு போனார்கள். சிலர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

நேற்று வேலை முடிந்து வந்தேன். அவள் கீழே வந்து காத்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு எண்ணியபடி ஏறினோம். இருபது சரியாக வந்தது. முப்பது வந்தது. முப்பத்தேழில் நின்றாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. மேலே யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவள் படியைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள்.

“அப்பா, நீங்க சொல்லுங்க.”

முப்பத்தெட்டு என்றேன். முப்பத்தெட்டு என்று சொல்லி அடுத்த படியில் காலை வைத்தாள். வைத்துவிட்டு, அடுத்த எண்ணையும் நான் சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்தாள்.